கண் காண்பதும் திரை காட்டுவதும்

தொடக்கப் பள்ளி அறிவியற் கல்வியில் இலக்கவியல் கருவிகள் – ஒரு திறனாய்வு

அறிவியலைக் கற்பிப்பது வேறு. அறிவியற் செய்திகளைச் சொல்லிக் கொடுப்பது வேறு. இவ்வேறுபாட்டைத் தமிழ்ப் பள்ளி ஆசிரியர் அறியாதவர் அல்லர். நீர் கொதித்தால் ஆவியாகும் என ஒரு பிள்ளை ஒப்பிப்பது செய்தி. அடுப்பில் வைத்த பாத்திரத்தின் மூடியை எடுத்துப் பார்த்து, அதன் உட்புறத்தில் நீர்த்துளிகள் தொங்குவதைக் கண்டு, "இவை எங்கிருந்து வந்தன?" என அப்பிள்ளை கேட்பது அறிவியல். முன்னதை மனப்பாடத்தால் பெறலாம். பின்னதைப் பார்வையாலும் சிந்தனையாலும் அன்றிப் பெற இயலாது.

இன்று மலேசியத் தமிழ்ப் பள்ளிகளின் அறிவியல் வகுப்பிற்குள் கணினியும் திறன்பேசியும் இணையமும் புகுந்துவிட்டன. பாடம் காணொளியாக வருகிறது. பரிசோதனை திரையில் நிகழ்கிறது. சோதனை விளையாட்டாக நடக்கிறது. புள்ளிகளைப் பொறியே கூட்டித் தருகிறது. இம்மாற்றத்தைப் போற்றிப் பேசுவோரும் உளர். வெறுத்துப் பேசுவோரும் உளர். இரு சாராரும் கருவியின் பெருமை சிறுமைகளையே பேசுகின்றனர். ஆராயத்தக்கது அதுவன்று. அக்கருவி யார் கையில் இருக்கிறது, எந்த வேலைக்கு இருக்கிறது என்பதே கேள்வி.

கருவிகள் வந்த வழி

இக்கேள்வி புதியது போல் தோன்றினும், நாட்டின் கல்வி வரலாற்றில் இதற்கு முன்னும் எழுந்ததுண்டு. பல்லூடகப் பெருவழித் திட்டத்தின் ஓர் உறுப்பாக, 1999ஆம் ஆண்டில் ஏறத்தாழ 90 பள்ளிகளில் விவேகப் பள்ளித் திட்டம் தொடங்கப்பட்டது. கணினிவழிப் பாடங்கள் ஆக்கப்பட்ட துறைகளுள் அறிவியலும் ஒன்று. பின்னர் 2003இல் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் கொள்கை நடைமுறைக்கு வந்தபோது, ஆசிரியர்களுக்கு மடிக்கணினியும் எல்.சி.டி. புரொஜெக்டரும் பாடக் குறுந்தட்டுகளும் வழங்கப்பட்டன. தமிழ்ப் பள்ளியின் முதலாம் ஆண்டுப் பிள்ளை, தன் வீட்டு மொழியல்லாத மொழியில், திரையில் ஓடும் படத்தின் வழியே அறிவியலைத் தொடங்க வேண்டியதாயிற்று.

அக்கொள்கையைக் கைவிடுவதென 2009 ஜூலையில் முடிவு செய்யப்பட்டது. படிப்படியாக அறிவியல் மீண்டும் தமிழுக்கு வந்தது. 2016இல் தொடங்கிய இருமொழித் திட்டத்தின் கீழ் அதனை மீண்டும் ஆங்கிலத்தில் நடத்தத் தலைப்பட்ட பள்ளிகளும் உண்டு. மொழி வழக்கு ஒருபுறமிருக்க, 2003ஆம் ஆண்டின் அனுபவம் கற்பித்த பாடம் ஒன்று உண்டு. குறுந்தட்டு ஓடுகையில் ஆசிரியர் பேச வேண்டியதில்லை. பிள்ளையும் பேச வேண்டியதில்லை. வகுப்பு அமைதியாக நடக்கும். ஆனால் அறிவியல் வகுப்பு அமைதியாக நடப்பது நலத்தின் அறிகுறியன்று.

அடுத்து, 2011இல் தொடங்கி 2019இல் முடிவுற்ற 1பெஸ்தாரிநெட் திட்டத்தின் வழி எல்லாப் பள்ளிகளுக்கும் இணைய இணைப்பும் மெய்நிகர் கற்றல் தளமும் வந்தன. அத்தளத்தின் பயன்பாடு மிகக் குறைவாக இருந்ததைத் தலைமைக் கணக்காய்வாளரின் அறிக்கை சுட்டிக் காட்டியது. 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து பள்ளிகள் மூடப்பட்டன. அவ்வாண்டு ஜூன் திங்களில் கல்வி அமைச்சு 'டெலிமா' என்னும் தளத்தைத் தொடங்கிற்று. அதற்கு முன் விருப்பமாக இருந்தது அதன் பின் கட்டாயமாயிற்று. ஆசிரியர்கள் இரவு பகலாக உழைத்துக் காணொளிகளும் இணையப் புதிர்களும் ஆக்கினர். அவ்வுழைப்பு போற்றத்தக்கது. ஆயினும் இடர்க்காலத்து உணவை வாழ்நாள் உணவாக்கிக் கொள்ளலாகாது. நெருக்கடியில் கைக்கொண்ட முறைகளுள் எவை நிலைக்கத்தக்கன, எவை நீக்கத்தக்கன என ஆய்ந்து பிரிக்கும் வேலை இன்னும் எஞ்சி நிற்கிறது.

கலைத்திட்டம் கேட்பது யாது?

தொடக்கப் பள்ளி அறிவியற் கலைத்திட்டம் செய்திகளின் பட்டியல் அன்று. உற்றறிதல், வகைப்படுத்துதல், அளவெடுத்தல், ஊகித்தல், முன் அனுமானித்தல், தொடர்பு கொள்ளுதல், மாறிகளை நிர்ணயித்தல், கருதுகோள் உருவாக்குதல், பரிசோதனை செய்தல் எனச் செயற்பாங்குத் திறன்களை அது வரிசைப்படுத்துகிறது. பொருள்களையும் கருவிகளையும் முறையாகக் கையாளும் திறன்களையும் தனியே எடுத்துரைக்கிறது. இவ்வரிசையின் தலையில் உற்றறிதல் நிற்பது தற்செயலன்று. ஐம்புலன்களின் வாயிலாகப் பொருளை அறிவதே பிற திறன்களுக்கெல்லாம் வித்து. உயிர்களை அவற்றின் புலனறிவு கொண்டு ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுத்த தொல்காப்பியத்தைப் பயிலும் தமிழாசிரியருக்கு, புலனறிவின் சிறப்பை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

இக்கலைத்திட்டத்தில் ஒரு கற்றல் தரம் தலைப்புதோறும் திரும்பத் திரும்ப வருகிறது. மாணவர் தாம் உற்றறிந்தவற்றை உருவரையாகவோ, தகவல் தொடர்புத் தொழில்நுட்பத்தின் வாயிலாகவோ, எழுத்தாகவோ, வாய்மொழியாகவோ விளக்க வேண்டும் என்பது அதன் கருத்து. ஆண்டுத் திட்டத்தில் இதனை எழுதாத ஆசிரியர் இலர். ஆனால் இதன் பொருளை நின்று நோக்குவோர் சிலரே. இங்கே தொழில்நுட்பத்திற்கு அளிக்கப்பட்டிருக்கும் இடம் எது? பென்சிலுக்கும் வாய்மொழிக்கும் பக்கத்தில் உள்ள இடம். பிள்ளை தான் கண்டதை விளக்குவதற்கான நான்கு வழிகளுள் அஃது ஒன்று. அதாவது, கருவி பிள்ளையின் கையில் இருக்க வேண்டும். பிள்ளை பேசுவதற்கு உதவ வேண்டும்.

நடைமுறையில் நிகழ்வது இதன் தலைகீழ். கருவி காட்டுகிறது, பிள்ளை பார்க்கிறது. கருவி கேட்கிறது, பிள்ளை தொட்டுக் காட்டுகிறது. விளக்கும் கருவியாக இருக்க வேண்டியது வினவும் கருவியாகவும் தீர்ப்புக் கூறும் கருவியாகவும் மாறிவிட்டது. இன்றைய இலக்கவியல் அறிவியற் கல்வியின் குறைகளுள் பெரும்பாலானவை இந்த இடமாற்றத்திலிருந்தே பிறக்கின்றன.

திரைக்கு உரிய பெருமை

குறை கூறுமுன் நிறையை ஒப்புக்கொள்வதே நேர்மையான திறனாய்வு. கண்ணுக்கு எட்டாதவற்றைக் காட்டுவதில் திரைக்கு ஈடு இல்லை. நிலவின் வளர்பிறை தேய்பிறைகளைத் தொடர்ந்து காண ஒரு திங்கள் வேண்டும். மலேசிய வானத்து முகில்கள் அதற்கும் இடந்தருவதில்லை. திரையில் அதனைச் சில நொடிகளில் காட்டலாம். கோள்களின் சுழற்சி, இதயத்தின் துடிப்பு, எரிமலையின் சீற்றம் ஆகியவற்றை வகுப்பறைக்குள் கொண்டுவரப் படக் காட்சியைவிட நல்ல வழி இல்லை.

பரிசோதனையிலும் திரை முற்றிலும் போலியன்று. 2001இல் இயற்பியலுக்கான நோபெல் பரிசு பெற்றோருள் ஒருவரான கார்ல் வீமன், 2002இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 'ஃபெட்' என்னும் பாவனைப் பரிசோதனைத் திட்டத்தைத் தொடங்கினார். அங்கே 2005இல் வெளியான ஓர் ஆய்வில், திரையில் மின்சுற்று அமைத்துப் பழகிய கல்லூரி மாணவர்கள், மெய்யான கம்பிகளோடு பழகியவர்களைவிட மின்னோட்டக் கருத்துகளை நன்கு உணர்ந்திருந்தனர். மெய்யான சுற்றை அமைப்பதிலும் பின்தங்கவில்லை, முந்தியே நின்றனர். தொடக்கப் பள்ளி அளவிலும் இத்தகைய சான்று உண்டு. 2003இல் லாரா டிரியோனா, டேவிட் கிளார் ஆகிய இருவர் வெளியிட்ட ஆய்வில், நான்காம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுள் ஒரு சாரார் மெய்யான சுருள்வில்களையும், மற்றொரு சாரார் திரையிலுள்ள சுருள்வில்களையும் கொண்டு பயின்றனர். ஒரு மாறியை மட்டும் மாற்றி ஏனையவற்றை நிலைநிறுத்தி முறையான பரிசோதனையை வகுக்கும் திறனில் இரு சாராரும் ஒப்ப முன்னேறினர்.

ஆகவே, திரையில் செய்வது பரிசோதனையே ஆகாது என்று ஒரேயடியாகத் தள்ளுவார் கூற்று சான்றின் முன் நில்லாது. ஆனால் இவ்வாய்வுகள் எதனை அளந்தன என்பதையும் கருத வேண்டும். முதலாவது, கருத்தறிவையும் சுற்றமைக்கும் திறனையும் கல்லூரி மாணவரிடத்து அளந்தது. இரண்டாவது, மாறிகளைப் பிரித்தறியும் ஒரு திறனைப் பிள்ளைகளிடத்து அளந்தது. தற்சார்பு மாறி எது, சார்பு மாறி எது, கட்டுப்படுத்தப்பட்ட மாறி எது எனப் பிரிக்கும் அறிவு மனத்தின் ஒழுங்கு. அதனைத் திரையிலும் பயிலலாம், தரையிலும் பயிலலாம். உற்றறிதலும் அளவெடுத்தலும் அத்தகையன அல்ல. அவை கண்ணுக்கும் கைக்கும் உரிய பயிற்சிகள். ஒரு திறனுக்குக் கிடைத்த சான்றை ஒன்பது திறன்களுக்கும் நீட்டுவது முறையன்று.

திரை மறைப்பது

திரையில் உள்ள நீர் எப்போதும் 100 பாகையில் கொதிக்கிறது. கேமரன் மலையில் உள்ள தமிழ்ப் பள்ளியின் வெப்பமானி அவ்வாறு கூறாது. கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு; அங்கே நீர் ஏறத்தாழ 95 பாகையிலேயே கொதித்துவிடும். காணொளியை மட்டும் பார்த்த பிள்ளை, "வெப்பமானி பழுது" என்று சொல்லும். வெப்பமானியை நம்பக் கற்ற பிள்ளை, "ஏன் இப்படி?" என்று கேட்கும். இவ்விருவருள் அறிவியல் பயின்றவர் யார் என்பதை விளக்க வேண்டுவதில்லை.

நிழற்பாடமும் அத்தகையதே. மேலைநாட்டுக் காணொளிகள் நண்பகல் ஞாயிறு எப்போதும் தெற்கே நிற்பதாகவும், நிழல் எப்போதும் வடக்கே விழுவதாகவும் காட்டுகின்றன. அவர்கள் நாட்டிற்கு அஃது உண்மை. நிலநடுக்கோட்டிற்கு வடக்கே 3 பாகையளவில் உள்ள கோலாலம்பூரில், ஏப்ரல் முதல் ஆகஸ்டு வரை உச்சிப்பொழுதின் நிழல் தெற்கே விழும்; அக்டோபர் முதல் பிப்ரவரி வரை வடக்கே விழும். உச்சிப்பொழுது என்பதும் அங்குக் கடிகாரத்தின் 12 மணி அன்று. பெரும்பாலும் பிற்பகல் 1 மணிக்குப் பின்னரே வருவது. பள்ளித் திடலில் ஒரு கோலை நட்டு, திங்களுக்கு ஒரு நாள் சுண்ணக்கட்டியால் நிழலின் நுனியைக் குறித்து வந்தால், ஓராண்டில் பிள்ளைகள் இதனைத் தாமே கண்டுபிடிப்பர். இதற்குச் செலவு ஒரு கோலும் ஒரு சுண்ணக்கட்டியும். எந்தச் செயலியும் இவ்வளவு மலிவன்று, இவ்வளவு மெய்யுமன்று.

இன்னொன்றும் உண்டு. மெய்யான பரிசோதனை தவறும். பச்சைப் பயற்றைப் பஞ்சில் இட்டு நீர் விட்டால் பத்தில் எட்டு முளைக்கும், இரண்டு அழுகும். ஒரே சரிவில் ஒரே பந்தை மும்முறை உருட்டினால் மூன்று அளவுகள் வரும். திரையில் பத்தும் முளைக்கும். மூன்று முறையும் ஒரே அளவு வரும். பிள்ளை நொந்து போகாதிருக்க இந்த ஒழுங்கு நன்றுதான். ஆனால் ஏன் மூன்று முறை அளக்க வேண்டும், அழுகிய இரண்டை என் செய்வது, குறிப்பேட்டில் எதனை எழுதுவது என்னும் கேள்விகள் அங்கே பிறப்பதில்லை. அறிவியலின் நேர்மை பிறக்கும் இடமே அதுதான். தான் எதிர்பார்த்தது வராதபோது வந்ததையே எழுதும் துணிவைத் தவறாத திரை கற்பிக்க இயலாது.

மதிப்பீட்டில் நேரும் கேடு

கற்பித்தலில் உள்ள குறையை நல்லாசிரியர் தம் பேச்சால் நிரப்பிவிடுவார். மதிப்பீட்டில் உள்ள குறையை நிரப்புவது அரிது. ஏனெனில் எது அளக்கப்படுகிறதோ அதுவே பாடமாகிவிடும்.

வகுப்பறைகளில் பெரிதும் வழங்கும் புதிர்ச் செயலிகளுள் ஒன்று 'கஹூட்'. நார்வே நாட்டில் பிறந்து 2013இல் வெளிவந்தது. அதன் வழக்கமான அமைப்பில் ஒரு கேள்விக்கு உயர்ந்த அளவு 1,000 புள்ளிகள். விடை சரியாயினும் நேரம் செல்லச் செல்லப் புள்ளி குறைந்து பாதியளவிற்கு இறங்கும். விரைந்தவன் வெல்வான், எண்ணிப் பார்த்தவன் தோற்பான். பெருக்கல் வாய்பாட்டிற்கு இம்முறை பொருந்தலாம். உற்றுநோக்குக, பொறுத்திருக்க, மீண்டும் பார்க்க என்று கற்பிக்கும் பாடத்திற்கு இது நேர்மாறு. ஒரு மணிநேரம் பொறுமையைக் கற்பித்துவிட்டு இறுதிப் பத்து நிமிடத்தில் அவசரத்திற்குப் பரிசளித்தால், பிள்ளை எதனை மனத்தில் கொள்ளும்? விரைவுப் புள்ளியை நிறுத்தி வைக்கும் வசதி அச்செயலியிலேயே உண்டு. அதனைப் பயன்படுத்துவோர் தொகை பெருக வேண்டும்.

விடையைத் தேர்ந்தெடுப்பதற்கும் காரணம் கூறுவதற்கும் இடையே எத்துணைத் தொலைவு என்பதை அமெரிக்க நாட்டின் தேசியக் கல்வி அளவீடு ஒன்று காட்டியது. 2009இல் நடத்தப்பட்டு 2012இல் முடிவு வெளியான அவ்வளவீட்டில், நான்காம் வகுப்பு மாணவர்கள் திரைவழிப் பரிசோதனை ஒன்றைச் செய்தனர். பனிக்கட்டி உருகும்போது கொள்ளளவு எவ்வாறு மாறுகிறது என்பதைச் சரியாகத் தேர்ந்தெடுத்தோர் நூற்றுக்கு 71 பேர். அம்முடிவிற்குத் தாம் செய்த பரிசோதனையிலிருந்தே சான்று காட்டியோர் நூற்றுக்கு 15 பேர் மட்டுமே. தேர்ந்தெடுத்தலோடு நின்றிருந்தால் 71 பேரும் தேர்ந்தவராகவே எண்ணப்பட்டிருப்பர். அவர்களுள் பெரும்பாலோரின் வெறுமையை வெளிப்படுத்தியது "எதனால்?" என்ற ஒரு கேள்வி.

நன்னூலார் மாணாக்கரை மூவகையாகப் பிரித்து, அன்னத்தையும் ஆவையும் முதல் மாணாக்கருக்கும், மண்ணையும் கிளியையும் இடை மாணாக்கருக்கும் உவமை கூறினார். சொன்னதைச் சொல்லும் கிளிக்கு அவர் முதலிடம் தரவில்லை. பாலையும் நீரையும் பிரித்தறியும் அன்னத்திற்கே தந்தார். நால்விடையுள் ஒன்றைத் தொடும் புதிர், கிளியையும் அன்னத்தையும் ஒரே புள்ளியில் நிறுத்துகிறது. சில வேளைகளில் விரைந்து தொட்ட கிளி முந்திக்கொள்ளவும் செய்கிறது.

இக்கருத்திற்கு முன்னரே வலுவூட்டிய ஆய்வும் உண்டு. கணினி பள்ளிக்குள் நுழைந்த தொடக்கக் காலமாகிய 1990களின் முற்பகுதியில், ரிச்சர்டு ஷவல்சன், கெயில் பாக்ஸ்டர் ஆகியோர் கலிபோர்னியாவின் ஐந்தாம் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடத்து ஓர் ஆய்வு நடத்தினர். மூடிய பெட்டிகளுள் மின்கலம் உளதா, விளக்கு உளதா, வெறுங்கம்பி உளதா எனச் சுற்றமைத்துக் கண்டுபிடிப்பது ஒரு பணி. ஈரமண்ணில் வாழும் சிற்றுயிர்கள் ஒளியை விரும்புமா, இருளை விரும்புமா எனச் சோதிப்பது மற்றொரு பணி. பிள்ளைகள் செய்வதை நேரில் நின்று பார்த்து மதிப்பிட்டனர். அவர்களின் குறிப்பேட்டைப் படித்து மதிப்பிட்டனர். அதே பணியைக் கணினியில் செய்யவைத்தும் மதிப்பிட்டனர். விடை தேரும் வினாக்களாலும் மதிப்பிட்டனர். நேரில் பார்த்த மதிப்பீட்டிற்கு நெருங்கி நின்றது குறிப்பேடு. கணினிப் பணியில் சிறந்த பிள்ளையே கைப்பணியிலும் சிறந்த பிள்ளை என்று உறுதி கூற முடியவில்லை. விடை தேரும் வினாவோ மேலும் விலகி நின்றது.

ஆசிரியருக்கு இஃது எத்துணை ஆறுதல் தரும் செய்தி! நாற்பது பிள்ளைகள் செய்வதை ஒருவர் நின்று பார்ப்பது இயலாதுதான். ஆனால் அதற்கு மாற்று விலையுயர்ந்த செயலி அன்று. பிள்ளை தன் கையால் எழுதிய குறிப்பேடு.

தமிழுக்கும் இதில் பங்கு உண்டு

காரணம் கூறுதல் மொழியால் நிகழ்வது. ஆதலின் அறிவியல் மதிப்பீட்டின் குறை தமிழின் குறையாகவும் வளர்கிறது. பொறியே திருத்தும் குறுவிடை வினாவை எடுத்துக்கொள்வோர் இதனை உடனே காண்பர். ஆசிரியர் குறித்து வைத்த விடை 'ஆவியாதல்' என்றிருக்க, ஒரு பிள்ளை 'ஆவியாகுதல்' என்று எழுதும். மற்றொன்று 'நீர் ஆவியாக மாறுகிறது' என்று எழுதும். வேறொன்று 'ஆவியாவதால்' என்று எழுதும். எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பார்க்கும் பொறிக்கு இவை மூன்றும் பிழை. உருபும் விகுதியும் சேர்ந்து சொல் விரியும் மொழியில், புணர்ச்சியால் சொற்கள் ஒன்றாகும் மொழியில், இம்முறை பொருந்தவே பொருந்தாது.

கண்ணுக்குத் தெரியாத இடர்ப்பாடும் ஒன்று உண்டு. ஒருங்குறியில் 'கொதித்தல்' என்ற சொல்லின் முதலெழுத்தை இரு வகையாகப் பதிவு செய்ய இயலும்: ஒகரக் குறியை ஒரே குறியீடாக இடுவது ஒன்று, ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாக இடுவது மற்றொன்று. திரையில் இரண்டும் ஒன்றே போல் தோன்றும். அவற்றை ஒன்றாக்கிப் பார்க்கும் ஏற்பாடு இல்லாத பொறிக்கு அவை வெவ்வேறு சொற்கள். பிள்ளை சரியாக எழுதியும் தவறு என்ற தீர்ப்பைப் பெறும். காரணம் ஆசிரியருக்கும் விளங்காது. தமிழைக் கணினியில் ஏற்றுவதில் மலேசியாவின் முத்து நெடுமாறனும் சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமியும் முன்னோடிகளாக உழைத்த மண்ணில், பிள்ளையின் தமிழ் விடையைப் பிழையாக்கும் கருவியைப் பொறுத்துக்கொள்வது பொருந்துமா?

இத்தொல்லைகளைக் கண்ட ஆசிரியர் என் செய்வார்? எழுதும் வினாவை விட்டுவிட்டு, தொடும் வினாவிற்கே திரும்புவார். அவரைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் விளைவு யாது? பிள்ளை அறிவியலைத் தமிழில் கேட்கிறது, தமிழில் படிக்கிறது. தமிழில் காரணம் சொல்வதில்லை. 'ஏனெனில்', 'ஆகவே', 'இதனால்', 'இருப்பினும்' என்னும் இணைப்புச் சொற்கள் இலக்கண வகுப்பில் மட்டும் வாழ்கின்றன. அவை உண்மையில் உயிர்பெற வேண்டிய இடம் அறிவியல் வகுப்பு. தமிழில் அறிவியல் பயிலலாமா என்ற வழக்கில் தமிழ்ப் பள்ளிகள் 2003 முதல் பட்ட துன்பம் சிறிதன்று. அவ்வழக்கில் வலிமையான சான்று, தமிழில் தெளிவாகக் காரணம் கூறும் பத்து வயதுப் பிள்ளையே. அச்சான்றைப் புதிர்ச் செயலியிடம் இழந்துவிடலாகாது.

தேர்வு ஒழிந்த பின்

1988இல் தொடங்கிய யு.பி.எஸ்.ஆர். தேர்வு ஒழிக்கப்படுவதாக 2021 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது. அத்தேர்வு பிள்ளைகளை மனப்பாடத்தில் ஆழ்த்திற்று எனப் பலர் குறை கூறி வந்தனர். அதன் இடத்தில் வகுப்பறை மதிப்பீடு முதன்மை பெற்றது. ஆறு அடைவு நிலைகளாக அமைந்த அவ்வேணியின் கீழ்ப்படியில் அடிப்படைச் செய்தியை நினைவுகூர்தல் இருக்கிறது. மேற்படிகளில் ஆராய்தலும் முடிவெடுத்தலும் புதியது படைத்தலும் இருக்கின்றன. ஆசிரியரின் தீர்ப்பை நம்பி வகுக்கப்பட்ட முறை அது.

ஆனால் ஆசிரியர் பல பாடங்களுக்கும் பல பிள்ளைகளுக்கும் அடைவு நிலையைப் பதிய வேண்டியிருக்கிறது. அந்நெருக்கடியில் புதிர்ச் செயலியின் புள்ளிப் பட்டியல் எளிய துணையாக வந்து நிற்கிறது. நூற்றுக்கு 90 பெற்ற பிள்ளைக்கு ஐந்தாம் நிலை, 100 பெற்ற பிள்ளைக்கு ஆறாம் நிலை எனக் கணக்கிடுவோரும் உளராயின், அஃது ஏணியின் முதற்படியிலேயே நின்றுகொண்டு உச்சியை எட்டியதாகக் கூறுவதாகும். நினைவுகூரும் வினாவிற்கு எத்தனை சரியான விடை தந்தாலும் அது நினைவுகூர்தலே. ஒழிக்கப்பட்ட தேர்விலும் பிள்ளை சொந்தமாக எழுதி விடையளிக்கும் பகுதி ஒன்று இருந்தது. அதுவும் இல்லாத ஒன்றை விளையாட்டு உடுப்பு அணிவித்து மீண்டும் அழைத்து வருவது சீர்திருத்தம் ஆகுமா?

செய்யத்தக்கவை

கருவிகளை வகுப்பினின்று விலக்க வேண்டும் என்பது இதன் முடிபன்று. அவற்றை உரிய இடத்தில் அமர்த்த வேண்டும் என்பதே.

முதலாவதாக, வரிசை. கையால் செய்யக்கூடியதை முதலில் கையால் செய்யட்டும், கண்டதை எழுதட்டும், அதன் பின் திரைக்குச் செல்லட்டும். செய்வதற்கு முன் "என்ன நிகழும்?" என எழுதுவித்து, பின் நோக்கவைத்து, பின் வேறுபாட்டை விளக்கவைக்கும் முறையை ரிச்சர்டு ஒயிட், ரிச்சர்டு கன்ஸ்டன் ஆகியோர் 1992இல் தம் நூலில் விரித்துரைத்தனர். சீனி சுடுநீரில் விரைவில் கரையுமா, குளிர்நீரில் விரைவில் கரையுமா என்னும் எளிய வினாவிற்கு இம்முறை நன்கு பொருந்தும். இரு குவளையும் ஒரு கரண்டிச் சீனியும் போதும்.

இரண்டாவதாக, காரணம். புதிர் நடத்துவோர் ஒவ்வொரு வினாவிற்கும் பின்னே "ஏன்?" என்ற இரண்டாம் வினாவைச் சேர்க்கலாம். விடை ஒரு படி, காரணம் மறுபடி என அமைந்த ஈரடுக்குச் சோதனையை ஆஸ்திரேலியாவின் டேவிட் டிரகஸ்ட் 1988இலேயே வகுத்துக் காட்டினார். பிள்ளைகள் வழக்கமாகக் கொள்ளும் தவறான காரணங்களையே விடைகளாக நிறுத்தினால், பொறி திருத்தும் வினாவும் பிள்ளையின் உள்ளத்தைக் காட்டும். இத்தகைய வினாக்களைத் தமிழில் ஆக்கித் தொகுப்பது தனியொருவர் வேலையன்று. வட்டார ஆசிரியர் குழுக்கள் கூடிச் செய்யத்தக்க பணி.

மூன்றாவதாக, கருவியைப் பிள்ளையிடம் கொடுத்தல். முளைக்கும் பயற்றை ஏழு நாள் படமெடுத்து வரிசைப்படுத்தட்டும். வெப்பமானியின் அளவை அட்டவணையாக்கி வரைபடம் ஆக்கட்டும். எழுதத் தடுமாறும் பிள்ளை தான் கண்டதை இரண்டு நிமிடம் தமிழில் பேசிக் குரற்பதிவு செய்யட்டும். அப்பதிவை ஆசிரியர் ஓய்வு நேரத்தில் கேட்டு அடைவு நிலையைத் தீர்மானிக்கலாம். ஆண்டின் தொடக்கத்தில் செய்த பதிவையும் இறுதியில் செய்ததையும் அருகருகே வைத்துப் பெற்றோருக்குக் காட்டலாம். கலைத்திட்டம் கூறிய நான்கு வழிகளும் இங்கே ஒன்று சேர்கின்றன.

வசதிக் குறைவையும் மறத்தலாகாது. ஒரே திறன்பேசியை மூன்று பிள்ளைகள் பங்கிட்டுக்கொண்ட வீடுகளை 2020ஆம் ஆண்டு வெளிக்காட்டியது. வீட்டில் இணையம் உள்ளவன் பெறும் புள்ளி அறிவியல் அறிவின் அளவன்று, வசதியின் அளவு. தமிழ்ப் பள்ளிகளுள் பல, 150க்கும் குறைவான மாணவர்களைக் கொண்ட சிறு பள்ளிகள். அதனைக் குறையாகவே பேசிப் பழகிவிட்டனர். பத்துப் பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையும் தன் கையால் சோதித்து, தன் வாயால் விளக்கி, ஆசிரியர் நேரில் நின்று மதிப்பிட முடியும். பெரிய பள்ளிகள் பொருள் செலவிட்டும் பெற முடியாத வாய்ப்பு அது. அதனை விட்டுவிட்டுப் பத்துப் பிள்ளைகளையும் பத்துத் திரைகளின் முன் அமர்த்துவது கையிலுள்ள நெய்யை விட்டு வெண்ணெய்க்கு அலைவதை ஒக்கும்.

திரை காட்டும். கண் காணும். காட்டப்பட்டதை ஏற்கும் பிள்ளை நல்ல பார்வையாளன் ஆவான். கண்டதற்குக் காரணம் கூறும் பிள்ளையே அறிவியல் மாணாக்கன் ஆவான். எத்தனை பிள்ளைகள் சரியான விடையைத் தொட்டனர் என்பதைப் பொறி நொடியில் எண்ணித் தரும். எத்தனை பிள்ளைகள் "ஏனெனில்" என்று தொடங்கித் தமிழில் ஒரு வாக்கியத்தை முடித்தனர் என்பதை ஆசிரியர்தாம் எண்ண வேண்டும். அந்த இரண்டாம் எண்ணே அறிவியல் வகுப்பின் மெய்யான மதிப்பெண்.